பத்துப் பேர், ஒரு காசு, ஒரு கடிதம்: லியோன் நகரத்து மறைபரப்பு வசூல் – ஒரு நிகழ்வு ஆய்வு

அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிறு, கத்தோலிக்கக் கோயில்களில் மறைபரப்புப் பணிக்காகக் காணிக்கை சேர்க்கும் மறைபரப்பு ஞாயிறு. எங்கள் பங்கில் அன்று காலைத் திருப்பலி முடிந்த கையோடு ஏலம் தொடங்கிவிடும். கோயில் முற்றத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு வாழைத்தார், இரண்டு பரங்கிக்காய், கால் கட்டிய சேவல், யாரோ வீட்டில் சுட்டு எடுத்துவந்த முறுக்கு. பரங்கிக்காயை இருநூறு ரூபாய்க்கு எடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார். "கோயிலுக்கே இருக்கட்டும்" என்று மேசையில் திரும்ப வைத்துவிடுவார். ஒரே காய் நான்கு கை மாறும், நான்கு முறையும் விலை போகும். கடைசியில் அது பங்குத்தந்தையின் சமையற்கட்டுக்குத்தான் போய்ச் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வருடம் ஏலம் முடிந்த மறுவாரம், மறைக்கல்வி வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அந்தப் பரங்கிக்காய்ப் பணம் எங்கே போகும், சார்?" ரோமுக்கு என்றேன். "அங்கே யாருக்கு?" என்றான். நல்லவேளையாக மணி அடித்துவிட்டது.

பதினைந்து ஆண்டுகளாக உறை கொடுத்து, உறை வாங்கி, சில்லறை எண்ணி, மறைமாவட்ட அலுவலகத்தில் ரசீது பெற்று வந்தவன் நான். அதற்கு மேல் விடை தெரியவில்லை என்பது கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் இந்த வசூலின் வேரைத் தேடிப் போனேன். அது ரோமில் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன், பிரான்சு நாட்டு லியோன் நகரில், பட்டு ஆலைப் பெண்களின் கையில் இருந்தது.

பட்டு வணிகர் வீட்டுப் பெண்

லியோன், ரோன் ஆறும் சோன் ஆறும் கூடுகிற ஊர். பட்டு நெசவுக்குப் பேர்போனது. 1799 ஜூலை 22 அன்று அங்கே ஒரு பட்டு வணிகர் வீட்டில் பிறந்தவர் போலின் ஜாரிகோ. நகையும் உடையும் விருந்துமாக வளர்ந்த பெண். பதினைந்து வயதில் கீழே விழுந்து நெடுநாள் நோயில் கிடந்தார். அந்தக் காலத்திலேயே தாயையும் இழந்தார். தேறி எழுந்தபின், பகட்டைப் பற்றிச் சென்-நிசியே கோயிலில் கேட்ட ஒரு மறையுரை அவரைப் புரட்டிப் போட்டது. பட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஆலைப் பெண்கள் உடுத்துவதைப் போலவே உடுத்தத் தொடங்கினார். 1816 கிறிஸ்துமஸ் இரவில் ஃபூர்வியேர் குன்றின் மாதா கோயிலில் கன்னிமை வாக்குக் கொடுத்தார். ஆனால் எந்த மடத்திலும் சேரவில்லை. கடைசிவரை பொதுநிலையினராகவே வாழ்ந்தார்.

அந்த உடை மாற்றத்தைப் பக்திக் கதையாக மட்டும் படித்துவிட்டுக் கடந்து போகக்கூடாது. பிற்பாடு அவர் தொடங்கிய வசூல் ஏழைப் பெண்களிடம் எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பல்லக்கில் வந்து தர்மம் கேட்கிறவரிடம் சில்லறையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். நம்மைப் போலவே முரட்டுத் துணி உடுத்தி வருகிறவரைத்தான் உள்ளே உட்காரச் சொல்வோம்.

அப்போது மறைபரப்புக் களங்களின் நிலை பரிதாபமாக இருந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1814-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இடையில் பிரெஞ்சுப் புரட்சி குருமடங்களை மூடியது, சபைகளின் சொத்துகளைப் பறித்தது. கீழை நாடுகளுக்குக் குருக்களை அனுப்பிவந்த பாரிஸ் அந்நிய வேதபோதகச் சபையின் வீடு மூடப்பட்டுத் திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டுத் திறக்கப்பட்டது. நம் புதுச்சேரி மறைத்தளம் 1776 முதல் இந்தச் சபையின் பொறுப்பில் இருந்தது. பாரிஸில் கை வறண்டால் புதுச்சேரியிலும் அடுப்பு எரியாது என்கிற உறவு அது.

போலினின் அண்ணன் ஃபிலேயாஸ் பாரிஸ் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சபையின் வறுமையைக் கண்டு தங்கைக்குக் கடிதம் எழுதினார். தங்கையிடம் ஒரு கூட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. சென்-வலியே என்ற ஊரில் அக்காள் கணவரின் பட்டு ஆலையில் வேலைபார்த்த பெண்களைச் சேர்த்து அவர் ஒரு செபக் குழு நடத்திவந்தார். அவர்களிடம் கேட்டார். கொடுத்தார்கள்.

சீட்டாட்டமும் கணப்பு நெருப்பும்

1819 இலையுதிர் காலத்து மாலை ஒன்றை அவரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டார் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் கணப்பு அருகே உட்கார்ந்து, இந்த உதவியை எப்படி நிலைப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது திட்டம் முழுமையாக மனத்தில் வந்து நின்றது. மறந்துவிடக்கூடாதே என்று உடனே எழுதிவைத்தார்.

திட்டம் இவ்வளவுதான். ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் வாரம் ஒரு சூ கொடுக்க வேண்டும். சூ என்பது ஒரு பிராங்கில் இருபதில் ஒரு பங்கு. அன்றைக்கு அங்கே புழங்கிய செப்புக் காசு. பத்துப் பத்தாகச் சேர்ந்த குழுக்கள் பத்துக் கூடினால் நூறு. அதற்கு ஒரு தலைவர். நூறுகள் பத்துக் கூடினால் ஆயிரம், அதற்கும் ஒருவர். பத்தின் தலைவர் வசூலித்ததை நூறின் தலைவரிடம் கொடுப்பார், அவர் ஆயிரத்தின் தலைவரிடம், அவர் மையத்தில். நாளுக்கு ஒரு சிறு செபம். அதன் முடிவில் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் ஒரு மன்றாட்டு.

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒருவர் 52 சூ, அதாவது இரண்டு பிராங்கு அறுபது சாந்தீம். பத்துப் பேருக்கு 26 பிராங்கு. ஆயிரம் பேருக்கு 2,600. கொடுப்பவருக்குக் கையைக் கடிக்காத தொகை, சேருமிடத்தில் ஒரு குருவைக் கப்பலேற்றும் தொகையாகிறது. பெரும்பாலோர் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். 'சிறு துளி பெருவெள்ளம்' என்று ஒரு வரி சொல்லி மறையுரையை முடித்துவிடலாம், வசதி.

என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த அமைப்பில் கனமான வேலை கீழ்ப்படியில் இருக்கிறது. ஆயிரத்தின் தலைவர் பத்துப் பேரைப் பார்த்தால் போதும். மையத்தில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவு. பத்தின் தலைவியோ வாரம்தோறும் படியேற வேண்டும். லியோனின் குரோய்-ரூஸ் மேட்டில் நெசவாளர் வீடுகள் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்பவை. தறி உயரம் என்பதால் ஒவ்வொரு தளத்தின் கூரையும் உயரம், ஆகவே மாடிப்படியும் நீளம். பகல் முழுவதும் ஆலையில் நின்ற ஒரு பெண் மாலையில் அந்தப் படிகளை ஏறி, ஒரு சூ வாங்கிக்கொண்டு இறங்குகிறாள். ஒரு சூவுக்காக மட்டும் யாரும் அவ்வளவு ஏறமாட்டார்கள். பேசப் போகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கப் போகிறாள். போன வாரம் கொடுக்காதவள் ஏன் கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கேட்காமல் விடவும் தெரியும்.

1826-இல் ஜாரிகோ 'வாழும் செபமாலை' என்று வேறொரு இயக்கம் தொடங்கியபோதும் இதே வடிவத்தைத்தான் கையாண்டார். பதினைந்து பேர் சேர்ந்து, செபமாலையில் தியானிக்கும் பதினைந்து மறைபொருள்களைப் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பத்து மணிதான். ஒன்று நன்றாகப் பிடித்த கரி, மூன்று நான்கு அரைகுறையாகப் பிடித்தவை, மற்றவை பிடிக்காதவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் உலை ஆகிவிடும் என்பது அவர் சொன்ன விளக்கம். அடுப்பூதியவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1822 மே 3

இங்கே கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. இந்தத் திருப்பத்தைப் பலர் மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் லூயிசியானா மறைமாவட்டத்து ஆயர் துபூர் 1815-இல் லியோன் வழியாகப் போனபோது தம் மறைமாவட்டத்துக்கு உதவி கேட்டுவிட்டுப் போயிருந்தார். 1822-இல் அவர் பிரதிநிதியாக இங்லேசி என்ற குரு வந்து, நிலையான உதவிச் சங்கம் வேண்டும் என்றார். (இந்த இங்லேசியின் பழைய வாழ்க்கை பின்னாளில் வெளிவந்து ஆயரைத் தலைகுனிய வைத்தது தனிக்கதை. நல்ல காரியத்துக்கு எல்லா நேரமும் நல்லவர்தான் கதவைத் தட்டுவார் என்பதில்லை.) 1822 மே 3 அன்று லியோனில் ஆண்கள் சிலர் கூடினார்கள். ஒரு மறைமாவட்டத்துக்கென்று தனிச் சங்கம் வேண்டாம், உலகத்து மறைபரப்புக் களங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சங்கம் இருக்கட்டும் என்ற கருத்து அங்கே மேலோங்கியது. 'விசுவாசப் பரப்புதல் சங்கம்' அன்று பிறந்தது.

ஆக, இரண்டு யோசனைகள் அன்று ஒன்றாகச் சேர்ந்தன. எல்லாருக்கும் பொதுவான நிதி என்பது அந்தக் கூட்டத்தின் முடிவு. பத்துப் பேர், வாரம் ஒரு சூ என்பது ஜாரிகோவின் அமைப்பு. அவருடைய குழுக்களும் புதிய சங்கத்தில் இணைந்தன. அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. நிர்வாக மன்றம் ஆண்களுடையதாயிற்று. நிறுவியவர் யார் என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் மன்றம் அவர் பெயரைச் சொல்லத் தயங்கியது.

முதல் ஆண்டில் சேர்ந்ததை மூன்று பங்காகப் பிரித்தார்கள்: லூயிசியானாவுக்கு ஒன்று, கென்டக்கிக்கு ஒன்று, கீழை நாடுகளுக்கு ஒன்று. இன்றைக்கு நினைத்தால் விசித்திரம். பட்டு ஆலைப் பெண்களின் செப்புக் காசு அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. 1908 வரை அமெரிக்கத் திருஅவை ரோமின் மறைபரப்புப் பேராயத்தின் கீழ், ஒரு மறைபரப்புக் களமாகத்தான் இருந்தது. பிற்பாடு அதே நாடு உலகின் மிகப் பெரிய கொடையாளி ஆனது.

பத்துப் பேருக்கு ஒரு பிரதி

காசு மேலே போகிறது. கீழே என்ன வருகிறது? இந்தக் கேள்விக்கு லியோன்காரர்கள் கண்ட விடைதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி என்பேன். சங்கத்துக்கு வந்த மறைபரப்பாளர் கடிதங்களை அச்சிட்டு ஓர் இதழாக வெளியிட்டார்கள். பத்துப் பேர் குழுவுக்கு ஒரு பிரதி. அது கைமாறிக் கைமாறி எல்லா வீட்டுக்கும் போகும். படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர் கேட்பார். மிசிசிப்பிக் கரையிலிருந்தும் சீனத்திலிருந்தும் வியட்நாமின் டோங்கிங்கிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. காய்ச்சல், படகு கவிழ்ந்தது, மொழி படிக்கும் திண்டாட்டம், மூங்கில் கோயில் எரிந்தது, சிறை. வாரம் ஒரு சூ கொடுத்த பெண்ணுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் நாவில் புரளத் தொடங்கின.

இந்த அச்சுத்தாள் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மேற்குப் பிரான்சில் சென்-லூ என்ற சிற்றூர். தெயோஃபான் வெனார் என்ற ஒன்பது வயதுப் பையன் குன்றுச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டே, 1837-இல் டோங்கிங்கில் கொல்லப்பட்ட குரு கொர்னேயைப் பற்றிய செய்தியைப் படித்தான். கொர்னே அவனுடைய மறைமாவட்டத்துக்காரர். "நானும் டோங்கிங் போவேன், நானும் மறைசாட்சி ஆவேன்" என்றான். சின்னப் பையன் பேச்சு என்று விட்டிருப்பார்கள். பாரிஸ் அந்நிய வேதபோதகச் சபையில் சேர்ந்து, டோங்கிங் போய், 1861 பிப்ரவரி 2 அன்று ஹனோயில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1988-இல் வியட்நாம் மறைசாட்சிகளோடு புனிதராக உயர்த்தப்பட்டார்.

பங்கில் 'மறைபரப்பை ஊக்குவிப்பது எப்படி' என்று கூட்டம் போடும்போதெல்லாம் உறையின் நிறம், அறிவிப்பின் நீளம், இலக்குத் தொகை என்று பேசுகிறோம். ஆடு மேய்க்கிறவன் கையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்று நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

பள்ளிக்கூடத்துக் காசு

பள்ளிகளின் கதை சற்று வேறு. அதில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

நான்சி மறைமாவட்டத்து ஆயர் ஃபோர்பேன்-ஜான்சன் சீனத்துக் குழந்தைகளின் நிலையைக் கேட்டு வருந்தியவர். கைவிடப்பட்ட குழந்தைகள், திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள். லியோனில் ஜாரிகோவைச் சந்தித்துப் பேசினார். 1843-இல் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். நாம் சுருக்கமாகப் பாலர் சபை என்போம். பிள்ளைகள் நாளுக்கு ஓர் அருள்நிறை மரியே செபிக்க வேண்டும், மாதம் ஒரு சூ கொடுக்க வேண்டும். ஜாரிகோவின் வாரக் கணக்கை இவர் மாதக் கணக்காக்கினார். பிள்ளையின் கையளவு அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே உதவுவது என்ற எண்ணம் அப்போது புதிது. பள்ளிகள் வழியாகத் தீப்போலப் பரவியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்றும் பாலர் சபைக் கூட்டம் நடக்கிறது. ஐந்து நிறச் செபமாலையை எண்ணியபடி பிள்ளைகள் கண்டங்களுக்காகச் செபிக்கிறார்கள். அந்த நிறங்களை 1951-இல், அமெரிக்காவில் விசுவாசப் பரப்புதல் சங்கத்தை நடத்திவந்த ஃபுல்டன் ஷீன் அறிமுகப்படுத்தினார்: ஆப்பிரிக்காவுக்குப் பச்சை, அமெரிக்காவுக்குச் சிவப்பு, ஐரோப்பாவுக்கு வெள்ளை, ஓசியானியாவுக்கு நீலம், ஆசியாவுக்கு மஞ்சள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் மணி வந்ததும் 'நாம்' என்பார்கள்.

கசப்பு இது. பிள்ளைகளின் மனத்தைப் பிடிக்கக் கையாண்ட வழி சில இடங்களில் தடம் மாறியது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பு சேர்ந்து ஐந்து டாலர் சேர்த்தால் தொலைநாட்டுக் குழந்தை ஒன்றை 'மீட்டதாக' ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தக் குழந்தைக்குத் திருமுழுக்குப் பெயரை வகுப்பே தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகளுக்குக் குதூகலம். எந்த வகுப்பு அதிகக் குழந்தைகளை 'வாங்கியது' என்று போட்டியும் நடந்தது. அந்த வினைச்சொல்லை நான் கற்பனை செய்யவில்லை. அன்றைய பிள்ளைகள் அப்படித்தான் பேசினார்கள். கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே ஓர் உறவு வேண்டும் என்ற சரியான எண்ணம், விலைச்சீட்டோடு கூடிய உறவாகத் திரிந்துபோனது.

மறுமுனையில் அது எப்படித் தெரிந்தது என்பதற்குச் சீனத்தின் தியான்ஜின் நகரம் சாட்சி. அங்கே கன்னியர் நடத்திய அனாதை இல்லத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. இல்லத்தில் சேர்ந்த குழந்தைகளில் பலர் ஏற்கெனவே நோயுற்றவர்கள், இறந்தார்கள், புதைக்கப்பட்டார்கள். குழந்தைக்குப் பணம் கொடுக்கிறார்கள், உள்ளே போன குழந்தை வெளியே வருவதில்லை என்று ஊர் பேசத் தொடங்கியது. பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தியும் சேர்ந்துகொண்டது. 1870 ஜூன் 21 அன்று கூட்டம் திரண்டிருக்க, பிரெஞ்சுத் தூதர் ஃபோந்தானியே சீன அதிகாரி ஒருவரை நோக்கிச் சுடப்போய், கூட்டம் வெறிகொண்டது. அவரும் பத்துக் கன்னியரும் வேறு பலரும், சீனக் கிறிஸ்தவர்கள் உட்பட, கொல்லப்பட்டார்கள். அந்நிய அரசுகளின் ஆணவம், ஒப்பந்தங்கள்மீது சீனருக்கிருந்த ஆத்திரம் எல்லாம் அதில் உண்டு. பழியைப் பள்ளிப் பிள்ளைகளின் காசின்மேல் போட முடியாது. ஆனால் கொடுக்கும் ஊரில் 'மீட்பு' என்று சொல்லப்பட்டது, பெறும் ஊரில் 'விலை' என்று கேட்கப்பட்டது. அந்தக் கன்னியர் நல்ல மனத்தோடுதான் அங்கே போயிருந்தார்கள்.

இன்றும் பள்ளியில் மறைபரப்பு நிதி திரட்டும்போது, பெற்றுக்கொள்பவரின் படத்தை எப்படிக் காட்டுகிறோம் என்று நின்று பார்ப்பது நல்லது. ஒட்டிய வயிறும் ஈ மொய்க்கும் கண்ணுமாக ஒரு பிள்ளையைச் சுவரொட்டியில் போட்டால் உண்டியல் நிறையும். அந்தப் பிள்ளையின் தாய் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

குருக்களும் குருமடமும்

இரண்டு கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகசாகி ஆயர் கூசேன் 1889-இல் பிரான்சில் இருந்த ஸ்தேஃபனி பிகார், ஜான் பிகார் என்ற தாய்க்கும் மகளுக்கும் எழுதினார்: குருத்துவத்துக்கு வரும் ஜப்பானிய இளைஞர்களைப் பணமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதத்திலிருந்துதான், அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்கும் புனித பேதுரு சங்கம் எழுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1893-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியா, இலங்கைக் குருமாணவருக்காகக் கண்டியில் குருமடம் நிறுவினார். 1955-இல் அது புனேவுக்கு மாறியது. அந்தந்த மண்ணின் மக்களே அந்தந்த மண்ணில் குருக்களாக வேண்டும் என்ற எண்ணம் அன்று பல திசைகளிலிருந்தும் வலுத்துவந்தது.

இன்னொருவர் பவுலோ மன்னா. பர்மாவில் பணிசெய்து, காசநோயோடு இத்தாலி திரும்பிய குரு. 1916-இல் குருக்களுக்கான மறைபரப்பு ஒன்றியத்தைத் தொடங்கினார். அவர் வாதம் எளிது: பங்குத்தந்தைக்கு அக்கறை இல்லையென்றால் பங்குக்கு வராது. எத்தனை சுற்றுமடல் அனுப்பினாலும் வராது. இதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று பங்குத்தந்தையரின் காலத்தைப் பார்த்துவிட்டேன். உறையும் மக்களும் மாறவில்லை, தொகை மட்டும் அவர்களோடு ஏறி இறங்கியது.

கடனாளி

உலகமெங்கும் வசூல் ஓடிக்கொண்டிருக்க, அதை வகுத்தவருக்கு என்ன ஆயிற்று?

1831-இலும் 1834-இலும் லியோன் பட்டு நெசவாளர்கள் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தார்கள். படை வந்து அடக்கியது. அந்தக் குண்டுச் சத்தத்தை ஃபூர்வியேர் சரிவிலிருந்த தம் வீட்டின் நிலவறையில் ஒளிந்திருந்தபடி கேட்டவர் ஜாரிகோ. தம்மோடு காசு சேர்த்தவர்களின் கூலியே போதாதபோது அவர்களிடம் இன்னொரு சூ கேட்பது எப்படி என்ற கேள்வி அவரை அரித்திருக்க வேண்டும். தொழிலாளருக்கு நியாயமான கூலியும் குடியிருப்பும் செபமும் சேர்ந்த ஓர் ஆலை வேண்டும் என்று முடிவெடுத்தார். 1845-இல் தென்பிரான்சின் ருஸ்த்ரெல் என்ற ஊரில் இரும்பு ஆலை வாங்கினார். நம்பி ஒப்படைத்தவர்கள் பணத்தைச் சுருட்டினார்கள். 1852-இல் ஆலை திவாலானது. சிறுசேமிப்பைக் கொடுத்து உதவிய ஏழைகளின் கடன் முழுவதும் தம் தலைமேல் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சொந்த உணவைக் குறைத்து, ஊர் ஊராகப் போய்க் கடனடைக்கப் பணம் கேட்டார். பத்துப் பத்தாக உலகத்தையே சேர்த்தவர் ஒற்றையாளாய்ப் படியேறினார். தாம் வகுத்த சங்கத்தின் மன்றத்திடமும் கேட்டார், கைவிரித்தார்கள். லியோன் நகரின் ஏழைகள் பட்டியலில் அவர் பெயர் பதிவாயிற்று. ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தை யோவான் மரிய வியான்னி அவருடைய பழைய நண்பர். பாரமான சிலுவைகளை அன்போடு சுமக்கத் தெரிந்த ஒருவரைத் தமக்குத் தெரியும், அவர்தான் ஜாரிகோ அம்மையார் என்று மக்களிடம் சொன்னார். 1862 ஜனவரி 9 அன்று ஜாரிகோ இறந்தபோது கடன் மிச்சமிருந்தது.

1963-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அவரை வணக்கத்துக்குரியவர் என்றார். 2022 மே 22 அன்று லியோனில் கர்தினால் தாக்லே தலைமையில் அருளாளராக உயர்த்தப்பட்டார். சங்கத்துக்கு அப்போது இருநூறு வயது.

அந்த மன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மறைபரப்புக்கென்று ஏழைகள் கொடுத்த காசை இரும்பு ஆலைக் கடனுக்கு எடுத்துக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கணக்கில் அவர்கள் செய்தது சரி. ஆனால் நிறுவியவர் என்று ஒரு வரி எழுதிக்கொடுக்கப் பணம் தேவையில்லை. அதையும் செய்யவில்லை.

ரோமுக்குப் போனபின்

1922 மே 3 அன்று, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இந்தச் சங்கத்தைப் பாப்பிறைச் சபையாக்கி, தலைமையிடத்தை லியோனிலிருந்து ரோமுக்கு மாற்றினார். 1926-இல் அக்டோபரின் கடைசிக்கு முந்திய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறாக அறிவிக்கப்பட்டது. அன்றைய காணிக்கை பங்கிலிருந்து மறைமாவட்டத்துக்கும், அங்கிருந்து தேசிய அலுவலகத்துக்கும் போய், உலகப் பொது நிதியில் சேர்கிறது. நாடுகளின் இயக்குநர்கள் கூடித் தேவைக்கேற்பப் பங்கிடுகிறார்கள். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 791-ஆவது சட்டம், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இதற்கென ஒரு குரு இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு நாள் கொண்டாட வேண்டும், ஆண்டுக் காணிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது.

இதன் நன்மை பெரிது. விளம்பரம் தெரிந்த ஆயருக்கு அதிகம், தெரியாதவருக்குக் குறைவு என்ற அநியாயம் இல்லை. நாடு பார்த்து, நண்பர் பார்த்துக் கொடுப்பது இல்லை. எங்கள் வகுப்புப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையும் இதுதான்: "யாருக்கு என்று நீ தேர்ந்தெடுக்க முடியாது, அதனால்தான் யாரும் கேட்காத ஊருக்கும் கிடைக்கிறது."

ஆனால் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவள் ஆண்டுக்கு ஒருமுறை வரும் உறையாகிவிட்டாள். மேலே காசு போகும் குழாய் அகலமாகிவிட்டது. கீழே கடிதம் வரும் குழாய் தூர்ந்துவிட்டது. நாங்கள் அதைப் பரங்கிக்காயால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். ஏலம் கலகலப்பானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் சேவல் யாருக்குப் போயிற்று என்று சொல்வார்கள்.

எங்கள் பங்கில்

போன ஆண்டு ஒரு சோதனை செய்து பார்த்தோம். எங்கள் பங்கில் அன்பியங்கள் இருக்கின்றன, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள். ஆகவே பத்து வீடு சேர்ப்பதில் சிரமமில்லை. நான்கு குழுக்கள். வாரம் வீட்டுக்குப் பத்து ரூபாய். எங்கள் பங்கிலிருந்து துறவு வாழ்வுக்குப் போய் வடகிழக்கில் பள்ளி நடத்தும் அருட்சகோதரி ஒருவர் மாதம் ஒரு கடிதம் எழுதச் சம்மதித்தார். படம் வேண்டாம், கடிதம் போதும் என்றோம்.

இரண்டு குழுக்கள் ஐந்தாம் வாரமே நின்றுவிட்டன. ஒன்றில் வசூலித்தவர் மகள் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார். மற்றதில் "இதற்கும் ஒரு வசூலா?" என்ற முணுமுணுப்பு. நியாயம்தான், திருவிழா வரி, கல்லறைச் சுவர், கெபி கட்டட நிதி என்று ஏற்கெனவே மூன்று ஓடிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டு குழுக்கள் நிற்கவில்லை. அவற்றில் ஒன்றை நடத்துகிறவர் மீன் விற்கும் அம்மா. கூடையோடு எப்படியும் வீடு வீடாகப் போகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்த அன்று என்னைத் திண்ணையில் உட்காரவைத்து இரண்டு முறை படிக்கச் சொன்னார். மழையில் சாலை அறுந்து, பள்ளிக்கு அரிசி வர ஆறு நாளாயிற்று என்று அதில் ஒரு வரி. "ஆறு நாள் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார். கடிதத்தில் அது இல்லை. கேட்டு எழுதுங்கள் என்றார். எழுதினேன். மூங்கில் குருத்தும் கிழங்கும் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் அந்தத் தெருவில் பத்து வீட்டுக்கும் அது தெரிந்திருந்தது.

மூன்று மாதத்தில் சேர்ந்தது, ஏலத்தில் ஒரே காலையில் வருவதில் பாதிகூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு பங்குப் பொருளாளரிடம் போனேன். எண்ணிப் பார்த்தார். மறைபரப்பு ஞாயிறு கணக்கில் சேர்த்தால் பொது நிதிக்குப் போய்விடும். அருட்சகோதரிக்கென்று அனுப்பினால் பங்குப் பேரேட்டில் அதற்குத் தலைப்பு இல்லை. "எதில் எழுதட்டும், அண்ணே?" என்றார். பங்குச்சாமியிடம் கேட்போம் என்று உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். கோயில் வாசலில் மீன்கூடையோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். இந்த மாதக் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டார்.